கரைசலின் வயதைக் கேளுங்கள்: ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும் மதிப்பாய்வாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மருந்தியல், உடலியங்கியல் ஆய்விதழ்களை நடத்தும் ஆசிரியர்களுக்கும், அங்கே வரும் கட்டுரைகளைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் மதிப்பாய்வாளர்களுக்கும் வணக்கம்.

உடலிலிருந்து எடுத்த தசைத்துண்டை ஆர்கன் பாத்தில், அதாவது உப்புக்கரைசல் நிரம்பிய கண்ணாடித் தொட்டியில், தொங்கவிட்டு, மருந்தைச் சேர்த்து, அது எவ்வளவு சுருங்குகிறது அல்லது தளர்கிறது என்று அளக்கும் கூடத்தில் கரைசல் கலக்குவது என் வேலை. கட்டுரையில் பெயர் வராத வேலை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் இந்த வேலை செய்வதால் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் கண் முதலில் போவது முடிவுகள் பக்கம் இல்லை, செய்முறைப் பகுதியில் "மருந்துகள்" என்று ஒரு சின்னத் தலைப்பு இருக்குமே, அங்கேதான். பெரும்பாலும் அங்கே ஒரே வரி இருக்கும்: எல்லா மருந்துகளும் காய்ச்சி வடித்த நீரில் கரைக்கப்பட்டன. கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் "அன்றன்றைக்குப் புதிதாக" என்று சேர்த்திருப்பார்கள். அவ்வளவுதான். அதே கட்டுரையில் தசையின் இழுப்பை மின்குறியாக மாற்றும் டிரான்ஸ்டியூசரின் மாடல், பதிவு செய்த மென்பொருளின் பதிப்பு எண், எந்தப் புள்ளியியல் சோதனை, அதற்குப் பிறகு எந்தத் துணைச் சோதனை, எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஏன் என்றால் அதையெல்லாம் நீங்கள் கேட்கிறீர்கள். கரைசலைப் பற்றி நீங்கள் கேட்பதில்லை, அதனால் அவர்களும் எழுதுவதில்லை.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். தசைமேல் போட்ட ஒவ்வொரு கரைசலும் போடும் நேரத்தில் எத்தனை மணி நேரப் பழசு, அதுவரை எதில், எந்த வெப்பநிலையில், எந்த வெளிச்சத்தில் இருந்தது என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாத கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள்.

இது பெரிய விஷயமா என்று தோன்றலாம். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். செங்குத்து அச்சில் சுருக்கம் இருக்கிறது, அதைக் கருவி அளந்தது. கிடை அச்சில் மருந்தின் செறிவு 1 மைக்ரோமோலார், 10 மைக்ரோமோலார் என்று வரிசையாக இருக்கிறதே, அதை யாரும் அளக்கவில்லை. காலையில் தராசில் எடுத்த எடை, ஊற்றிய நீரின் அளவு, அதற்குப் பிறகு பத்துப் பத்து மடங்காக நீர்த்தது, இவற்றை வைத்துப் போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கு, மருந்து தொட்டிக்குள் விழும் நொடிவரைக்கும், விழுந்து தசை அதற்குப் பதில் சொல்லி முடிக்கும்வரைக்கும் உண்மையாக இருந்தது என்பது நம்பிக்கை மட்டுமே. ஓர் அச்சு அளவு, இன்னோர் அச்சு நம்பிக்கை என்றிருக்கும் ஒரு படத்தைத்தான் இத்தனை காலமாக அச்சிட்டுக்கொண்டிருக்கிறோம்.

நம்பிக்கை எந்த மருந்தில் செல்லும், எதில் செல்லாது என்பது ஒன்றும் ரகசியமில்லை. அட்ரினலின், நாரட்ரினலின், ஐசோபிரினலின் போன்ற கேடகோலமைன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன், காரத்தன்மை, வெப்பம், வெளிச்சம், செம்போ இரும்போ கொஞ்சம் கலந்திருப்பது, இவை ஐந்தும் அவற்றின் எதிரிகள். ஆர்கன் பாத்தில் என்ன இருக்கிறது? 95 சதவீதம் ஆக்சிஜனும் 5 சதவீதம் கார்பன் டைஆக்சைடும் கலந்த வாயு இடைவிடாமல் குமிழியிடுகிறது, பிஎச் 7.4, வெப்பநிலை 37 டிகிரி. கேடகோலமைனைக் கெடுப்பதற்கென்றே ஒரு கருவி செய்யச் சொன்னாலும் இதைவிட நன்றாகச் செய்ய முடியாது. அமிலம் சேர்த்த நீரில், பனிக்கட்டிமேல், வெளிச்சம் படாமல் வைத்த ஸ்டாக் கரைசல் (நீர்ப்பதற்கு முன் உள்ள அடர்த்தியான மூலக்கரைசல்) நாள் முழுக்கத் தாங்கும். அதே மருந்தைக் கிரெப்ஸ் கரைசலில் (தொட்டியில் தசையை உயிரோடு வைக்கும் உப்புக்கரைசல்) நீர்த்து மேசைமேல் வைத்தால் கதை வேறு. இரண்டையும் "புதிதாகத் தயாரித்தது" என்ற ஒரே சொற்றொடரால்தான் கட்டுரைகள் குறிக்கின்றன.

இளஞ்சிவப்பாக மாறினால் கொட்டிவிடுவோம், மாறாவிட்டால் நல்லதுதானே என்று ஒரு பழக்கம் இருக்கிறது. அட்ரினலின் அட்ரினோகுரோமாக மாறும்போது நிறம் வருவது உண்மை. நிறம் வராமலே கெடும் வழிகளும் அதற்கு உண்டு. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க ஊசிமருந்தில் சேர்க்கும் சல்ஃபைட், அட்ரினலினோடு தானே சேர்ந்து ஏறக்குறைய செயலற்ற ஒரு சல்ஃபோனிக் அமிலத்தை உண்டாக்கும், அதற்கு நிறம் கிடையாது. அமிலம் அதிகமானால் இடவடிவ மூலக்கூறு மெல்லத் தன் ஆடிப்பிம்பமான வலவடிவமாகப் புரளும், அதன் ஆற்றல் மிகக் குறைவு, அதற்கும் நிறம் கிடையாது. ஆக, தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும் கரைசல் எதையும் நிரூபிப்பதில்லை. மருந்தைக் காப்பாற்ற அஸ்கார்பிக் அமிலம் சேர்த்தோம் என்று எழுதுகிறவர்களிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: எவ்வளவு சேர்த்தீர்கள், உலோகத்தைப் பிடித்துவைக்கும் இடிடிஏ சேர்த்தீர்களா, அதே அளவு அஸ்கார்பிக் அமிலத்தை ஒப்பிட வைத்த கட்டுப்பாட்டுத் தசைக்கும் கொடுத்தீர்களா? ஆக்சிஜன் நிறைந்த கரைசலில் துளி செம்பு இருந்தால் அஸ்கார்பிக் அமிலமே ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். அதற்கு இரத்தக்குழாய்த் தசை தன் பங்குக்குப் பதில் சொல்லும்.

அசிடைல்கோலினுக்கு வேறு பிரச்சினை. அது எஸ்டர், தண்ணீரே அதைப் பிளக்கும். பிஎச் 4 அளவில் நிதானமாக இருக்கும், காரப் பக்கம் போகப் போக வேகமாக உடையும். கண் அறுவையில் பயன்படும் அசிடைல்கோலின் தூளாகவும் நீராகவும் தனித்தனியே வந்து, பயன்படுத்தும் நேரத்தில்தான் கலக்கப்படுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மருந்து செய்பவர்களே கரைசலாக வைக்கத் துணியாத ஒன்றை, குளிர்பெட்டியில் "போன வாரத்து ஸ்டாக்" என்று எத்தனை கூடங்கள் வைத்திருக்கின்றன! அதுவும் போக, இதன் குளோரைடு உப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். திறந்து திறந்து மூடிய பாட்டிலில் எடுக்கும் ஒரு மில்லிகிராமில் எவ்வளவு மருந்து, எவ்வளவு தண்ணீர் என்று தராசுக்குத் தெரியாது. இதற்குப் பதில் இதே போல வேலை செய்யும் கார்பகோல் எடுத்தால் இந்தத் தொல்லைகள் பெருமளவு இல்லை. சில சோதனைகளில் அசிடைல்கோலின்தான் வேண்டும் என்பது சரி, ஆனால் எதற்காக அதைத் தேர்ந்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அதைக் காக்கச் சேர்க்கும் ஃபைசாஸ்டிக்மினும் நம்பகமான காவல்காரன் கிடையாது. அது உடைந்து, ஆக்சிஜனேறி, ருபிரசெரின் என்ற சிவப்புப் பொருளாகும், அசிடைல்கோலினை உடைக்கும் கோலினெஸ்டரேஸ் நொதியைத் தடுக்கும் வேலையை அதோடு மறந்துவிடும்.

நிஃபெடிபினுக்கு வெளிச்சம் ஆகாது. சாதாரணப் பகல் வெளிச்சமே போதும், கால்சியம் வாயிலை அடைக்கும் மூலக்கூறு வேறொன்றாகிவிடும். "அலுமினியத் தாள் சுற்றிய குப்பியில் வைத்தோம்" என்று எழுதுவார்கள், நல்லது, ஆனால் ஆர்கன் பாத் கண்ணாடியால் ஆனது, பக்கத்தில் ஜன்னல் இருக்கும், தலைக்குமேல் குழல்விளக்கு எரியும், மருந்து அரைமணி நேரம் அங்கேதான் தசையோடு ஊறுகிறது. தொட்டியையும் மூடினார்களா? மருந்தைக் கெடுக்காத மஞ்சள் சோடியம் விளக்கில் செய்தார்களா? சோடியம் நைட்ரோபுருசைடுக்கும் இதே கேள்விதான், அது பச்சையாகவோ நீலமாகவோ போனபின் கொட்டுவது எல்லோருக்கும் தெரியும், அதற்கு முன்பே எவ்வளவு போயிருந்தது என்பது தெரியாது.

பெப்டைடுகளை, அதாவது சிறு புரதத் துண்டு போன்ற மருந்துகளை, பற்றி நீட்ட விரும்பவில்லை. அவை உடைவதைவிடக் குப்பியின் சுவரில் ஒட்டிக்கொள்வது அதிகம், செறிவு குறையக் குறைய ஒட்டிப்போகும் விகிதம் கூடும். ஒட்டாமலிருக்க அல்புமின் சேர்த்தார்களா, எந்தப் பிளாஸ்டிக், எத்தனை முறை உறைந்து உருகியது என்று கேட்டால் போதும். உருகியபின் நன்றாகக் கலக்கினார்களா என்றும் கேட்கலாம், உறையும்போது மருந்து கீழே செறிந்து நிற்பது சாதாரணம்.

சரி, இதெல்லாம் கெடட்டும், முடிவில் என்ன ஆகிவிடும் என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த மடலில் முக்கியமான பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நாம் வரைவது மடக்கை அச்சு, அதில் ஓர் அலகு என்றால் பத்து மடங்கு. மருந்தில் 10 சதவீதம் போனால் வளைவு நகர்வது 0.05 அலகுக்கும் குறைவு, கண்ணுக்கே தெரியாது. இதைக் காட்டித்தான் பலர் "மடக்கை அச்சில் இதெல்லாம் அடிபட்டுப் போகும்" என்று சமாதானம் சொல்வார்கள். பாதி போனால் 0.3 அலகு நகரும். இப்போது உங்கள் இதழிலேயே, 0.3 அலகு நகர்ந்ததை நட்சத்திரக் குறி போட்டு, புள்ளியியல்படி உறுதியான வேறுபாடு என்று சொல்லும் கட்டுரைகள் எத்தனை வந்திருக்கின்றன என்று பாருங்கள். அந்த வேறுபாடு கரைசலில் நடந்ததா, தசையில் நடந்ததா என்பதற்கு அந்தப் பக்கங்களில் பதில் இல்லை.

இன்னும் மோசமானது இது. வழக்கமான சோதனை எப்படி நடக்கிறது? முதலில் அகோனிஸ்ட் (தசையில் விளைவை உண்டாக்கும் மருந்து) மட்டும் கொடுத்து ஒரு வளைவு. கழுவல். பிறகு சோதிக்க வேண்டிய பொருளைச் சேர்த்து அரைமணியோ ஒரு மணியோ ஊறவிடல். அப்புறம் அதே அகோனிஸ்டைக் கொடுத்து இரண்டாவது வளைவு. இந்த இடைவெளியில் நீர்த்த கரைசல்கள் மேசைமேல் நிற்கின்றன. நீராற்பகுப்பு போல எல்லாச் செறிவிலும் ஒரே விகிதத்தில் அழியும் மருந்தாக இருந்தால், இரண்டாவது வளைவு வடிவம் மாறாமல், உச்சம் குறையாமல், நேர் இணையாக வலப்பக்கம் நகரும். மருந்தியல் மாணவர்கள் முதல் பருவத்திலேயே படிப்பதுதான்: இணையாக வலப்பக்கம் நகர்ந்தால், உச்சம் குறையாவிட்டால், அது போட்டித்தடுப்பு, அதாவது அகோனிஸ்ட் உட்காரும் இடத்துக்கே போட்டியிடும் தடுப்பு. கெட்டுப்போன கரைசல் போட்டித்தடுப்பானின் கையெழுத்தை அச்சு அசலாகப் போடுகிறது.

கணக்கே போட்டுப் பார்க்கலாம். அருணலக்ஷணாவும் ஷில்டும் 1959-இல் தந்த முறைப்படி, டோஸ் விகிதம் (அதே விளைவுக்கு இப்போது எத்தனை மடங்கு அகோனிஸ்ட் வேண்டும் என்பது) 2 ஆகும்போது தடுப்பானின் செறிவுதான் அதன் பிரிகை மாறிலி, அதன் எதிர்மடக்கைதான் பிஏ2. முழுக்க முழுக்கச் செயலற்ற ஒரு பொருளை 1 மைக்ரோமோலார் போட்டு வைத்திருக்கிறோம், அகோனிஸ்ட் கரைசல் பாதி கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டோஸ் விகிதம் 2 வரும். அந்தச் செயலற்ற பொருளுக்கு பிஏ2 மதிப்பு 6 என்று கட்டுரையில் ஏறும். 6 என்பது சிரிப்பான எண் இல்லை, "மிதமான ஈர்ப்பு உள்ள புதிய தடுப்பான்" என்று சுருக்கவுரை எழுதப் போதுமான எண். பாதி கெடுவது எல்லா மருந்திலும் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடக்கவில்லை என்று காட்டும் பொறுப்பு எழுதுகிறவருடையது, கேட்கும் பொறுப்பு உங்களுடையது என்றுதான் சொல்கிறேன். தடுப்பானின் பல செறிவுகளை வைத்து ஷில்ட் வரைபடம் போட்டால் இந்தப் பொய் தெரிந்துவிடும், கோடு ஏறாது என்பது உண்மை. ஒரே ஒரு செறிவை வைத்து முடித்துவிடும் கட்டுரைகள்தான் அதிகம் வருகின்றன.

சுவரில் ஒட்டும் மருந்தாக இருந்தால் வேறு மாதிரி. குறைந்த செறிவுகள் அதிகமாக இழக்கும், உயர்ந்த செறிவுகள் தாக்குப்பிடிக்கும், வளைவின் அடிப்பாகம் வலப்பக்கம் போய்ச் சரிவு செங்குத்தாகும். உடனே, ஒரு மூலக்கூறு பிணைந்தால் அடுத்தது எளிதாகப் பிணைகிறது, இது "ஒத்துழைப்புப் பிணைப்பு" என்று ஒரு பத்தி எழுதிவிடுவார்கள்.

காலக் கட்டுப்பாடு வைத்தோமே என்பார்கள். பக்கத்துத் தசைத்துண்டுக்கு வெறும் கரைப்பானைக் கொடுத்து, அதே நேரத்தில், அதே குழாய்களிலிருந்து அதே கரைசலை எடுத்து இரண்டாவது வளைவு போட்டிருந்தால், நான் வாயை மூடிக்கொள்கிறேன், அது நல்ல கட்டுப்பாடு. ஆனால் அப்படியா நடக்கிறது? ஆள் பற்றாக்குறை, தொட்டிப் பற்றாக்குறை. காலையில் கட்டுப்பாடு, சாப்பிட்டு வந்து சோதனை. அல்லது கட்டுப்பாடு எல்லாம் போன வாரம், சோதனை எல்லாம் இந்த வாரம். இந்த ஒழுங்கில் கரைசலின் வயதும் சிகிச்சைக் குழுவும் கைகோத்து நகர்கின்றன, பிறகு எந்தப் புள்ளியியலாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. சீரற்ற ஒதுக்கீடு செய்தோம் என்று எழுதுகிறார்கள், விலங்குகளை ஒதுக்கியிருப்பார்கள், நேரத்தை ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

தொட்டிக்குள் போனபின் நடப்பதும் இதே கணக்கில் சேரும். தசையைத் தளர்த்தும் மருந்தான அட்ராகூரியம் இதற்கு நல்ல உதாரணம். ஸ்டென்லேக்கின் குழு அதை வடிவமைத்ததே, உடலின் பிஎச்சிலும் வெப்பத்திலும் தானாக உடைய வேண்டும் என்பதற்காக. குப்பியில் பிஎச் 3.5 அருகே, குளிர்பெட்டியில் இருக்கும்வரை அது பத்திரம். உடலில் அதன் அரை ஆயுள் சுமார் 20 நிமிடம். இதை எடுத்து, பியூல்பிரிங் 1946-இல் விவரித்த நரம்பு-உதரவிதானத் தயாரிப்பில், 37 டிகிரியில், ஒரு மணி நேரம் மாற்றாமல் ஊறவைத்து, "10 மைக்ரோமோலாரில் இவ்வளவு தடுப்பு" என்று எழுதினால், எந்த நிமிடத்து 10 மைக்ரோமோலார் அது? கூட்டிக்கொண்டே போகும் டோஸ் முறையிலும் இதே சிக்கல், முதல் டோஸ் கடைசி டோஸ்வரை அங்கேயே முழுதாக இருக்கிறது என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. கிரெப்ஸ் கரைசலே கூட வாயு நின்றால் காரமாகி, கால்சியம் வீழ்படிவாகிக் கலங்கும். அதைப் பார்த்தால் தெரியும் என்பதால் அது சின்னக் கவலை.

இதுவரை சொன்னதில் நஷ்டம் விலங்குகளுக்கும் பணத்துக்கும் படிக்கிறவர்களின் நேரத்துக்கும்தான். மனிதத் தசையை வைத்துச் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. மயக்க மருந்தால் உடல் வெப்பம் தாறுமாறாக ஏறும் நோய், 1960-இல் டென்பரோவும் லவலும் முதலில் எழுதியது, மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா. அந்தத் தன்மை ஒருவருக்கு இருக்கிறதா என்று பார்க்கத் தொடையிலிருந்து தசைத்துண்டை வெட்டியெடுத்து, சில மணி நேரத்துக்குள், ஆர்கன் பாத்தில் காஃபினும், ஹாலோத்தேன் என்ற மயக்க மருந்தும் கொடுத்துச் சுருங்குகிறதா என்று பார்க்கிறார்கள். ஐரோப்பிய நெறிமுறைப்படி 2 மில்லிமோலார் அல்லது அதற்குக் குறைந்த காஃபினில் தசையின் இழுவிசை 2 மில்லிநியூட்டன் ஏறினால் கோடு தாண்டியதாக அர்த்தம். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை வைத்து அவருக்கும், பல நேரம் அவர் குடும்பத்துக்கும், வாழ்நாள் முழுக்க எந்த மயக்க மருந்து கொடுக்கலாம் என்று தீர்மானிக்கப்படுகிறது. வெட்டிய தசையை மறுபடி வெட்ட யாரும் விரும்ப மாட்டார்கள்.

காஃபின் வேதியியல்படி உறுதியான மருந்து, எளிதில் உடையாது. அதனாலேயே அதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் அது குளிரில் கரைவது மிகவும் குறைவு. 25 டிகிரியில் லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் கரையும், உறைநிலை அருகே சுமார் 6 கிராம்தான். காஃபினைப் படிப்படியாகக் கூட்டும் அந்தச் சோதனையின் கடைசிப் படியான 32 மில்லிமோலாருக்கே லிட்டருக்கு 6.2 கிராம் வேண்டும், ஸ்டாக் அதைவிடப் பல மடங்கு அடர்த்தி. குளிர்பெட்டியில் வைத்த ஸ்டாக்கின் அடியில் ஊசி ஊசியாகப் படிகம் இறங்கியிருக்கும், மேலிருந்து எடுக்கும் கரைசலில் லேபிளில் எழுதியது இருக்காது. இன்னொன்று, காஃபின் நீரற்றதாகவும் வரும், ஒரு மூலக்கூறு நீரோடும் வரும். நீர் சேர்ந்ததை நீரற்றது என்று எடைபோட்டால் 8.5 சதவீதம் குறையும், 2 மில்லிமோலார் என்று எழுதியது 1.83 ஆகும். கோட்டுக்கு அருகே நிற்கும் ஒரு தசைக்கு அது போதுமான வேறுபாடு.

ஹாலோத்தேன் அதைவிடத் தொல்லை. 50 டிகிரியில் கொதிக்கும் திரவம், வெளிச்சத்தில் உடையும், அதனால் பழுப்புக் குப்பியில் 0.01 சதவீதம் தைமால் சேர்த்து வருகிறது. ஹாலோத்தேன் ஆவியாகப் போகும், தைமால் போகாது, ஆவியாக்கியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே வரும். ரப்பர் குழாயும் சில பிளாஸ்டிக்குகளும் ஹாலோத்தேனை உறிஞ்சிக்கொள்ளும். ஆவியாக்கியின் முகப்பில் 2 சதவீதம் என்று திருப்பி வைத்ததும், நெறிமுறை எதிர்பார்க்கும் 0.44 மில்லிமோலார் தொட்டிக்குள் இருப்பதும் இரண்டு வேறு செய்திகள், இரண்டாவதைத் தொட்டியிலிருந்து மாதிரி எடுத்து அளந்தால்தான் தெரியும். துணைச் சோதனைகளில் வரும் குளோரோகிரெசாலும் ரப்பரில் புகுந்துவிடும் பொருள்தான். இங்கே செறிவு குறைந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆபத்துள்ளவர் ஆபத்தில்லாதவர் என்று எழுதப்படுவார். அந்தத் தாளை நம்பி அடுத்த அறுவையில் மயக்க மருந்து கொடுப்பார்கள். இந்தச் சோதனையைப் பற்றிய கட்டுரை உங்களிடம் வந்தால், தொட்டிக்குள் அளந்த செறிவு இல்லாமல் ஏற்காதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

கரைசல் கெடுவதை யாரும் கவனித்ததே இல்லை என்று சொல்ல வரவில்லை. கவனித்தவர்கள் அதிலிருந்தே பெரிய விஷயங்களைக் கண்டார்கள். 1969-இல் பைப்பரும் வேனும், கினிப்பன்றியின் நுரையீரலிலிருந்து வந்த ஏதோ ஒன்று முயலின் பெருந்தமனியைச் சுருக்குவதையும், ஓரிரு நிமிடங்களில் அது காணாமல் போவதையும் பார்த்தார்கள். ஏற்கெனவே தெரிந்த எந்தப் பொருளும் அந்த வேகத்தில் மறையாது என்பதே அது புதியது என்பதற்குச் சாட்சி. 1975-இல் சாமுவேல்சனின் குழு அதைத் திராம்பாக்சேன் ஏ2 என்று கண்டது, நீரில் அதன் அரை ஆயுள் 30 விநாடி. அடுத்த ஆண்டே வந்த புரோஸ்டாசைக்ளினும் உடல் வெப்பத்தில், நடுநிலை பிஎச்சில், சில நிமிடங்களில் தீர்ந்துபோகும், அதனால்தான் மருந்தாகக் கொடுக்கும்போது பிஎச் 10-க்கு மேல் உள்ள பஃபரில் கரைக்கிறார்கள். அந்தத் தலைமுறை தொட்டிகளை வரிசையாக அடுக்கி, நடுவில் நீண்ட குழாய்ச் சுருளை வைத்து, மருந்து வர எடுத்துக்கொண்ட நேரத்தில் எவ்வளவு இழந்தது என்று தசையைக் கொண்டே அளந்தது. நேரம் அவர்களுக்கு ஓர் அளவீடு. நமக்கு மறந்துபோன ஒரு மாறி.

அந்த உத்தி இன்றும் கையில் இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி இருந்தால் மிக நல்லது, பழைய கரைசலையும் புதிய கரைசலையும் ஓட்டி எவ்வளவு மருந்து மிச்சம் என்று பார்த்துவிடலாம். இல்லாத கூடத்தில் தசையே போதும். நாள் முடிவில், காலையில் கலக்கியதையும் அப்போதே கலக்கியதையும் ஒரே தசையில் மாறி மாறிக் கொடுத்து, இரண்டும் ஒரே உயரம் எழுப்புகின்றனவா என்று பாருங்கள். மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் உயிர்மதிப்பீடுதான் இது, தெரியாத மாதிரியின் இடத்தில் நம் சொந்தக் கரைசலை வைக்கிறோம், வேறொன்றும் இல்லை. உடைந்த துண்டுக்கும் கொஞ்சம் ஆற்றல் இருந்தால் தசை ஏமாறும் என்பது இதன் குறை. ஆனாலும் எதுவும் பார்க்காமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

கட்டுரையில் இடம் இல்லை என்ற பதிலை எதிர்பார்க்கிறேன். நான் கேட்பது இந்த அளவுதான்: "நாரட்ரினலின் பைடார்டரேட், செறிவுகள் உப்பற்ற மூலக்கூறின் கணக்கில். 10 மில்லிமோலார் ஸ்டாக், 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், அன்று காலை தயாரித்தது. நீர்த்தவை கிரெப்ஸில், 0.1 மில்லிமோலார் அஸ்கார்பிக் அமிலமும் இடிடிஏவும் சேர்த்து, பனிக்கட்டிமேல், இருட்டில், ஒவ்வொரு வளைவுக்கும் தனியாக, 30 நிமிடத்துக்குள் பயன்படுத்தியது. நாள் முடிவில் புதிய கரைசலோடு ஒரே தசையில் ஒப்பிட்டதில் வேறுபாடு இல்லை." இதற்கு ஐந்து வரி போதும், டிரான்ஸ்டியூசருக்கு அதைவிட அதிகம் கொடுக்கிறோம். உப்பின் பெயரை ஏன் கேட்கிறேன் என்றால், அட்ரினலின் பைடார்டரேட்டின் மூலக்கூறு எடை 333, அட்ரினலினுடையது 183. எதைக் கணக்கில் எடுத்தார்கள் என்று எழுதாவிட்டால் செறிவு ஏறக்குறைய இரண்டு மடங்கு முன்னே பின்னே போகும், கெடுவதற்கு முன்பே.

விலங்குச் சோதனைகளை எப்படி எழுத வேண்டும் என்று 2010-இல் அரைவ் வழிகாட்டுதல்கள் வந்தன. அதற்குப் பிறகு எழுதும் பழக்கம் ஒரே நாளில் மாறவில்லை, ஆனால் கேள்விகள் பட்டியலில் இருப்பதால் கட்டுரை எழுதுகிறவர்கள் பதில் தேடவாவது வேண்டியிருக்கிறது. உங்கள் சமர்ப்பிப்புப் படிவத்தில் கரைசலுக்கு ஒரு கட்டம் சேர்ப்பது அதைவிடக் கடினமில்லை. மதிப்பாய்வாளர்களுக்குத் தனியாக ஒன்று: "புதிதாகத் தயாரிக்கப்பட்டது" என்ற சொற்றொடரைக் கண்டால் பக்கத்தில் "எத்தனை மணி நேரம்?" என்று எழுதுங்கள். "பயன்படுத்தும்வரை 4 டிகிரியில் வைக்கப்பட்டது" என்றால் "எவ்வளவு காலம்?" என்று எழுதுங்கள். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து மைனஸ் 20-இல் வைத்தோம் என்றால், அதைத் தண்ணீர் கலந்த கரைசலில் விட்டபோது வீழ்படிவு வந்ததா என்று பார்த்தார்களா என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் "தெரியாது" என்றே கட்டுரையில் எழுதச் சொல்லுங்கள், அதுவும் படிக்கிறவருக்குப் பயனுள்ள செய்திதான்.

கூடங்களுக்குள் இதைப் பேச எங்களைப் போன்றவர்களால் முடியவில்லையா என்றால், பேசுகிறோம். குப்பியில் தேதியோடு நேரத்தையும் எழுதுகிறோம், மதியத்துக்கு மேல் மறுபடி கலக்கட்டுமா என்று கேட்கிறோம். "போன கட்டுரையில் இப்படித்தான் செய்தோம், இதழ் ஒன்றும் கேட்கவில்லையே" என்று பதில் வருகிறது. அந்தப் பதிலுக்கு மேல் எனக்குப் பேச வழியில்லை, உங்களுக்கு இருக்கிறது.

இப்படிக்கு,
கரைசல் கலக்கும் ஒருவர்